மறு: ‘ஆர்பிட்டல் மயோசைட்டிஸ்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம். விழியை அசைக்கும் தசைகளில் வரும் ‘இன்ஃப்ளமேஷன்’தான் ஆர்பிட்டல் மயோசைட்டிஸ். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில் வந்த கருத்துகளுக்கு என் பதில்.

> ‘கண்தசை வீக்கம்’ போதுமே, எளிதாகப் புரியும்.

புரியும்தான் ஐயா. தப்பாகப் புரியும் என்பதுதான் என் பயம்.

அக்கா மகளுக்கு 14 வயதில் இந்த நோய் வந்தது. காலையில் எழும்போதே இடது இமை தடித்திருந்தது. பக்கவாட்டில் பார்த்தால் வலி, கரும்பலகையில் எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றாள். மெட்ராஸ் ஐ என்று சொட்டு மருந்து விட்டோம். கேட்கவில்லை. ஸ்கேனில் விழியை அசைக்கும் தசைகளில் மூக்குப் பக்கத்து நேர்த்தசை தடித்திருந்தது, அதை விழியோடு இணைக்கும் தசைநாணும் சேர்ந்து. (தைராய்டு கோளாறால் இந்தத் தசைகள் தடிக்கும்போது நாண் பெரும்பாலும் தப்பிவிடும்.) சீழ்த்தொற்று இல்லை என்று உறுதி செய்துகொண்டு, எடையில் கிலோவுக்கு 1 மி.கி. கணக்கில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கினார்கள். இரண்டே நாளில் வலி போய்விட்டது, இமை வடிந்தது.

வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும் என்றுதான் டாக்டர் சொன்னார். ஆனால் கையில் கொடுத்த தாளில் ‘கண்தசை வீக்கம்’ என்று இருந்தது. பெண்ணுக்கு முகம் உப்பி, எந்நேரமும் பசி. “வீக்கந்தான் வத்திடுச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை?” என்று 12ஆம் நாளே அக்கா நிறுத்திவிட்டாள். மூன்றாம் வாரம் திரும்பவும் வந்தது, முன்னைவிடக் கடுமையாக.

வீக்கம் கண்ணுக்குத் தெரிவது, வடிந்தால் முடிந்தது. இன்ஃப்ளமேஷனுக்கு ‘அழற்சி’ என்றால், அதில் அழல், அதாவது நெருப்பு, இருக்கிறது. மேலே ஆறினாலும் உள்ளே நீறு பூத்த நெருப்பு. அதனால் என் ஓட்டு அழற்சிக்கே.

> அழற்சி என்றால் மக்கள் அலர்ஜி என்று நினைக்கிறார்கள்.

உண்மை. எங்கள் தெருவிலேயே ஒரு பாட்டி கத்தரிக்காய், கருவாடு எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார்! அதற்காகக் குடல்வால் அழற்சி, மூட்டழற்சி என்று வேர்விட்ட சொல்லை விட்டுவிட முடியுமா? அலர்ஜிக்கு ‘ஒவ்வாமை’ இருக்கிறது. அதை விடாமல் புழங்குவோம்.

‘கண்தசை’யில் எனக்கு உடன்பாடில்லை. கண்ணின் பாவையைச் சுருக்குவதும் கண்ணுக்குள் இருக்கும் தசைதான். ‘கண்குழித் தசையழற்சி’ ஆங்கில மூலத்துக்கு நெருக்கம். ஆனால் ‘கண் குழி விழுந்துடுச்சு’ என்று பேசுகிற ஊரில், விழி வெளியே பிதுங்குகிற நோய்க்கு அந்தப் பெயரா?

என் பரிந்துரை: விழியசைதசை அழற்சி.

‘விழியசைத்தசை’ என்று ஒற்று போட்டிருந்தவருக்கு: இது வினைத்தொகை, வல்லினம் மிகாது. ஊறுகாய் போல. விழியைச் சுழற்றும் ஆறு தசைகளில் நான்கு நேர்த்தசை, இரண்டு சாய்தசை. ‘சாய்தசை’ என்ற சொல்லும் அப்படி அமைந்ததே. நீளம் என்பீர்கள். அக்கா மகள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

நோயின் காரணத்தைப் பெயருக்கு முன்னே சேர்க்கவும் இடம் இருக்கிறது. நம் நாட்டில் பன்றி நாடாப்புழுவின் இளம்பருவம் இந்தத் தசையில் கட்டியாகத் தங்கி இதே வலியைக் கொடுப்பது உண்டு. அதற்கு ஸ்டீராய்டோடு ஆல்பெண்டசோல் என்ற புழு மருந்தும் கொடுப்பார்கள். அதைப் ‘புழுக்கட்டி விழியசைதசை அழற்சி’ எனலாம்.

கூடவே ஒன்று. மருந்தளவைச் சிறுகச் சிறுகக் குறைப்பதற்கு ‘படியிறக்கம்’ என்று வைக்கலாமா? சட்டென நிறுத்தினால் நோய் திரும்புவது மட்டுமல்ல. வாரக்கணக்கில் மாத்திரை எடுத்த உடம்பு, தன் சொந்த ஸ்டீராய்டை உடனே போதிய அளவு சுரக்காது. மாடியிலிருந்து யாரும் குதித்து இறங்குவதில்லை என்று அக்காவுக்கு விளக்க எனக்கு இந்தச் சொல் உதவியது.

ஒன்றில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். அடிக்கடி திரும்பி வந்தால் மெத்தோட்ரெக்சேட், அசத்தியோப்ரின் போன்ற, நோயெதிர்ப்பைத் தணிக்கும் மருந்துகளுக்கு மாறுவார்கள். வளர்கிற பிள்ளைக்கு ஸ்டீராய்டு நீண்டால் உயரம் தடைப்படலாம், கண்புரை வரலாம், கண்ணழுத்தம் ஏறலாம். அதனால் அதன் அளவைச் சுருக்கத்தான் இவை. ‘ஸ்டீராய்டு குறைப்பு மருந்து’ என்று எழுதிப் பார்த்தேன். அக்கா படித்துவிட்டு, “ஓ, உடம்புல ஏறின ஸ்டீராய்டை இறக்குற மருந்தா?” என்கிறாள். இதற்கு வேறு சொல் யாரிடமாவது இருக்கிறதா?