குரூப் 4 படிப்பு: 25 நிமிஷம் படிச்சு 5 நிமிஷம் ஓய்வு, சரிவருமா?

தேனிக்காரி:
பையனை ஸ்கூல் வேன்ல ஏத்திவிட்டா ஒன்பது மணி. அவன் வர நாலாயிடும். நடுவுல சமையல், துணி போக மிச்சம்தான் எனக்குப் படிக்கிற நேரம். யூடியூப்ல எல்லாரும் சொல்றாங்களேன்னு டைமர் வச்சு 25 நிமிஷம் படிப்பு, 5 நிமிஷம் ஓய்வுன்னு போறேன். பொதுத்தமிழுக்குச் சரியாத்தான் இருக்கு. கூட்டுவட்டிக் கணக்குல கை ஓடுற நேரமாப் பார்த்து மணி அடிக்குது! அந்த 5 நிமிஷத்துல பாத்திரம் தேய்ச்சா அது ஓய்வுல சேர்த்தியா? போனை எடுத்தா அரை மணி நேரம் காலி. நீங்கள்லாம் எப்படிப் படிக்கிறீங்க?

மலைக்கோட்டை:
போனை பீரோவுல வச்சுப் பூட்டுங்க, டைமருக்குச் சமையலறைக் கடிகாரம் போதும். பி.டி.எஃப். படிக்கிறவங்களா இருந்தா 20 நிமிஷத்துக்கு ஒருக்கா 20 அடி தள்ளி இருக்கிறதை 20 விநாடி பாருங்க. கண் டாக்டருங்க சொல்றதுதான்.

தாலுகா ஆபீஸ் அக்கா:
தங்கச்சி, ரெண்டு பிள்ளைங்களை வச்சுக்கிட்டுப் படிச்சு இளநிலை உதவியாளர் ஆனவ நான். இந்த 25-5, பிரான்செஸ்கோ சிரில்லோன்னு ஒரு இத்தாலிக்காரர் 1980கள் கடைசியில காலேஜ் படிக்கிறப்ப தக்காளி வடிவ டைமரை வச்சு ஆரம்பிச்சது. நாலு சுத்து முடிஞ்சா 15லேர்ந்து 30 நிமிஷம் நல்லா ஓய்வெடுக்கணும்னும் அதுல இருக்கு. நம்ம ஆளுங்க அதை மட்டும் வசதியா மறந்துடுறாங்க.

கணக்குக்கு டைமரே வேண்டாம். பத்துக் கணக்கு முடிச்சுட்டு எந்திரிங்க, எவ்வளவு நேரம் ஆனாலும் சரி.

பாத்திரம் ஓய்வு இல்லை. ஆனா அசைபோட அதைவிட நல்ல இடம் கிடையாது. பதினெண்கீழ்க்கணக்கு படிச்சீங்களா, புத்தகத்தை மூடிட்டு சிங்க் முன்னாடி நின்னு சொல்லிப் பாருங்க. அற நூல் 11, அகம் 6, புறம் ஒண்ணே ஒண்ணு, களவழி நாற்பது. எங்க சிக்குதோ அதை மட்டும் சாயங்காலம் ஒரு நோட்டுல எழுதுங்க. விடைத்தாள்ல ‘விடை தெரியவில்லை’ன்னு அஞ்சாவது வட்டம் இருக்கும்ல, என் நோட்டுக்கு அதான் பேரு. டெஸ்ட்ல தப்பானதையும் அதுலயே பிரிச்சு எழுதுவேன்: தெரியாதது, கேள்வியைச் சரியாப் படிக்காதது, குத்துமதிப்பாப் போட்டது. ரெண்டாவது வகைதான் வயித்தெரிச்சல்.

ஓய்வுன்னா மதியம் சாப்பிட்டுட்டு பாயை விரிச்சுப் படுக்கிறது. யாராவது ‘பகல்ல தூக்கமா’ன்னு கேட்டா கேட்டுட்டுப் போகட்டும்.

பரீட்சை நெருங்கறப்ப இந்தத் துண்டு துண்டுப் படிப்பு உதவாது. 200 கேள்வி, மூணு மணி நேரம், நடுவுல எந்த மணியும் ஓய்வுக்கு அடிக்காது. ஞாயித்துக்கிழமை வீட்டுக்காரர்கிட்ட பையனை விட்டுட்டு 9.30லேர்ந்து 12.30 வரைக்கும் ஒரே மூச்சா எழுதிப் பழகுங்க.

வைகைக்கரை:
அக்கா சொல்றது எல்லாம் சரி, பாத்திரம் விஷயத்துல மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். தேய்க்கிறப்பவும் களவழி நாற்பதுன்னா மனுஷிக்கு மூச்சு விட நேரம் எது? நான் அந்த நேரம் பாட்டு மட்டும்தான் கேப்பேன்.

தேனிக்காரி:
நன்றிக்கா. பத்துக் கணக்கு முறையை நாளைக்கே ஆரம்பிக்கிறேன். ஞாயித்துக்கிழமைக்கு வீட்டுக்காரர்கிட்ட பேசணும், அன்னைக்கு அவருக்குக் கிரிக்கெட். பாட்டா களவழியான்னு இன்னும் முடிவு பண்ணலை. அக்கா, திறனறிவைக் காலையில போடலாமா, இல்லை சாப்பாட்டுக்கு அப்புறமா? மதியம் எனக்கு விகிதமே ஓட மாட்டேங்குது.

தாலுகா ஆபீஸ் அக்கா:
காலையில. வேன் கிளம்பின உடனே. சாப்பிட்டதும் சமூக அறிவியல் புத்தகத்தைக் கையில எடுங்க, தூக்கம் தானா வரும்.