‘கீயிங்’ என்பதற்குத் தமிழ்ச்சொல்: நிறநீக்கமா, நிறவடிப்பா?

பட்டறைப் பயிற்றுநர் எழுதியது:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

குறும்படப் பட்டறைக்கு ஒரு கைப்புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறேன். கையைக் கடிக்காத செலவில் ஒரு சூப்பர் ஹீரோ குறும்படம் எடுப்பது எப்படி என்பதுதான் பொருள். பச்சைத் துணி, சில விளக்குகள், கைபேசிக் கேமரா, இலவச மென்பொருள். நாயகன் பச்சைத் துணி போர்த்திய முக்காலியில் குப்புறப் படுத்துக் கையை நீட்டுவான். மின்விசிறி அவன் தோளில் கட்டிய சிவப்புத் துணியைப் படபடக்க வைக்கும். பின்னால் வானத்தை நாம் சேர்த்துக்கொள்வோம்.

பாடம் எழுதியாகிவிட்டது. ஒரு சொல் மட்டும் இடறுகிறது. காட்சியில் பச்சை இருக்கும் இடங்களை மென்பொருளில் இல்லாமல் ஆக்கி, நடிகரை மட்டும் பிரித்தெடுக்கிறோமே, அதைக் ‘கீயிங்’ என்கிறார்கள். ‘குரோமா கீ’ என்பதும் உண்டு. ‘நிறத் திறவுகோல்’ என்று வைத்துப் பார்த்தேன். ‘திறவுகோலைச் சரிசெய்க’ என்று படிக்கும் மாணவருக்கு ஒன்றும் விளங்காது.

பெயராகவும் வினையாகவும் வரும் சொல் வேண்டும். ‘முதலில் கீ எடு, அப்புறம் விளிம்பைப் பார்’ என்பதைத் தமிழில் சொல்ல முடிய வேண்டும். நாளை மாலை அச்சுக்குப் போகிறது.

மென்பொருள் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

நிறநீக்கம். வினைக்கு ‘நிறம் நீக்கு’. இரண்டுமே பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த சொற்கள். ‘கீ’ இங்கே பூட்டுச் சாவி அல்ல. எது தங்க வேண்டும், எது போக வேண்டும் என்று மென்பொருளுக்குக் காட்டும் அடையாளம். போக வேண்டியது நிறம். ஆகவே நிறநீக்கம். இதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

தமிழாசிரியர் எழுதியது:

தம்பி, வேலையின் பெயருக்குப் போகுமுன் துணியின் பெயரையே பார்த்துவிடுவோம். ‘பச்சைத் துணி’, ‘பச்சைத்திரை’ என்று மாற்றி மாற்றி எழுதியிருப்பீர்கள் என நினைக்கிறேன். பசுமை என்னும் பண்புப்பெயர் இருக்கையில் ‘பச்சை’ எதற்கு? ‘ஈறுபோதல்’ என்று தொடங்கும் நன்னூல் நூற்பாவின்படி பசுமை + திரை என்பதில் மை கெட்டு, இனமெல்லெழுத்து மிகுந்து ‘பசுந்திரை’ ஆகும். அடியகரம் ஐயானால் ‘பைந்திரை’. பைந்தமிழ், பைங்கூழ் போல. ஆனால் திரைக்கு அலை என்றும் பொருள் உண்டு; பைந்திரை என்றால் கடல்தான் முதலில் நினைவுக்கு வரும். ஆகவே பசுந்திரை.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. திரை என்றால் சுருக்கமும்தான். ‘நரைமுதிர் திரைகவுள்’ என்று புறநானூறு முதியவரின் சுருங்கிய கன்னத்தைச் சொல்கிறது.

இதைவிட நல்ல சொல் சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. அரங்கேற்று காதையில் ‘ஒருமுக எழினியும் பொருமுக எழினியும் கரந்துவரல் எழினியும்’ என்று மூன்று திரைகள் வருகின்றன. கரந்துவரல் எழினி மேற்கட்டுத் திரை. ஆகாயசாரிகளாகத் தோன்றுவோருக்கு உரியது என்று உரை சொல்கிறது. வானில் திரிவோரை மேடையில் காட்டுவதற்கென்றே நம்மிடம் ஒரு திரை இருந்திருக்கிறது! உங்கள் நாயகனும் ஆகாயசாரிதானே? ‘பச்செழினி’ என்று வைத்தால் ஒரு மரபே திரும்பி வரும்.

படத்தொகுப்பாளர் எழுதியது:

ஐயா, எழினி பற்றிய செய்தி எனக்குப் புதிது, நன்றி. ஆனால் துணி எப்போதும் பச்சையாக இருக்காது. நாயகனின் உடை பச்சை என்றால் நீலத் துணிதான் கட்டுவோம். பச்சையை அதிகம் பயன்படுத்தக் காரணம், கேமராவின் உணரியில் பாதிப் புள்ளிகள் பச்சைக்கானவை, கால் பங்கு சிவப்புக்கு, கால் பங்கு நீலத்துக்கு. 1976இல் காப்புரிமை பெற்ற பேயர் அமைப்பு அப்படி. அதனால் பச்சையில்தான் தகவல் அதிகம். நீலம் கட்டிய அன்றைக்குப் பசுந்திரை, பச்செழினி இரண்டும் உதவாது. ‘நிறத்திரை’ என்றால் இரண்டுக்கும் சரி.

நீங்கள் போகிற போக்கில் சொன்ன ‘திரை என்றால் சுருக்கம்’ என்பது எங்கள் வேலையில் பெரிய விஷயம். துணியில் மடிப்பு விழுந்தால் ஒரு பக்கம் வெளிர்பச்சை, இன்னொரு பக்கம் கரும்பச்சை. அப்புறம் ஒரே அமைப்பில் முழுத் துணியையும் எடுக்க முடியாது. கைப்புத்தகத்தில் இஸ்திரி போடச் சொல்லும் வரி இருக்கிறதா, தம்பி?

இனி நிறநீக்கம். இதை நான் ஏற்கவில்லை. மாணவர்கள் செய்யும் பெரும்பாலான தவறுகளுக்கு வேர், இதை ‘நீக்குவது’ என்று நினைப்பதுதான். பச்சையை நீக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணி, அளவை ஏற்றிக்கொண்டே போவார்கள். முடி போய்விடும். பறக்கும் துணியின் ஓரம் கத்தரித்தது போல் நிற்கும்.

மென்பொருள் உள்ளே என்ன செய்கிறது என்று பாருங்கள். திரைப்படத் தொழில்நுட்ப வல்லுநர் பெட்ரோ விலாகோஸ் வகுத்த நிறவேறுபாட்டு முறையின் எளிய வடிவம் இது. ஒவ்வொரு புள்ளியிலும் பச்சையின் அளவிலிருந்து, சிவப்பு, நீலம் இரண்டில் எது பெரியதோ அதைக் கழி. துணியில் ஒரு புள்ளி சிவப்பு 60, பச்சை 200, நீலம் 60 என்று வைத்துக்கொள்வோம். 200இல் 60 போனால் 140. முழுத் துணி, முழுக்க மறைய வேண்டும். நாயகன் கன்னத்தில் ஒரு புள்ளி சிவப்பு 200, பச்சை 150, நீலம் 120. 150இல் 200 போனால் சுழிக்குக் கீழே. அது ஆள், அப்படியே இருக்க வேண்டும். இப்போது நெற்றியில் பறக்கும் ஒற்றை முடி. முடியின் நிறம் 40, 30, 30. புள்ளியில் பாதி முடி, பாதி துணி. கலந்தால் 50, 115, 45. 115இல் 50 போனால் 65. துணியின் 140இல் ஏறக்குறையப் பாதி. அதாவது இந்தப் புள்ளி பாதி தெரிய வேண்டும், பாதி வானம் காட்ட வேண்டும்.

இங்கே எது நீங்கியது? எதுவும் இல்லை. ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தங்கும் என்று அளந்து, கறுப்பு வெள்ளையில் ஒரு படம் தயாராகிறது. அந்தப் படம்தான் முக்கியம். நல்ல தொகுப்பாளர் அதையே முதலில் திறந்து பார்ப்பார். நம் சொல் மாணவரை அங்கே கூட்டிப்போக வேண்டும்.

தமிழாசிரியர் எழுதியது:

அம்மா, விளக்கம் கண்ணாடி போல இருந்தது. அப்படியானால் ‘வடி’ என்னும் வேரைப் பிடியுங்கள். வடித்தல் என்றால் வேண்டாததை விட்டு வேண்டியதைப் பிரிப்பது. அது மட்டுமா? ‘வேல்வடித்துக் கொடுத்தல் கொல்லற்குக் கடனே’ என்றார் பொன்முடியார். அங்கே வடித்தல் என்றால் அடித்துக் கூராக்கி உருவம் தருவது. சிற்பத்தையும் வடிக்கிறோம், கவிதையையும் வடிக்கிறோம். வடிவம் என்ற சொல்லும் காதில் ஒட்டி நிற்கிறது. நிறத்தைக் கொண்டு ஆளின் வடிவத்தைப் பிரித்தெடுக்கும் வேலைக்கு ‘நிறவடிப்பு’. வினை ‘நிறம் வடி’. பச்செழினியை நான் விட்டுத்தருகிறேன், இதை விட்டுத்தர மாட்டேன்.

சொல்லாய்வு அன்பர் எழுதியது:

ஒரு மாற்று: ‘நிறக்களைவு’. களைதல் தூய தமிழ்வினை. ‘பைங்கூழ் களைகட் டதனொடு நேர்’ என்று வள்ளுவர் ஆண்டது. ஓசையும் நன்றாக இருக்கிறது.

கூடவே ஒரு குறை. புத்தகம் முழுக்க ‘சூப்பர் ஹீரோ’ என்று வருவது கண்ணை உறுத்துகிறது. மீயொலி, மீமிசை என்பவற்றில் வரும் ‘மீ’யைக் கொண்டு ‘மீநாயகன்’ எனலாம் என்று எழுத வந்தேன். நாயகன் வடசொல், வீரனும் வடசொல். ஆகவே ‘மீமறவன்’. பெண் என்றால் ‘மீமறத்தி’. தலைப்பிலேயே வைத்துவிடுங்கள். ஒரு தலைமுறை படித்தால் பழகிவிடும்.

தமிழாசிரியர் எழுதியது:

அன்பரே, அந்தக் குறளில் பசுமையானது பயிர். அதைக் காப்பாற்றத்தான் களையைப் பிடுங்குகிறார்கள். இங்கே போக வேண்டியதே பச்சை. உவமை தலைகீழாகிவிடுகிறது. குறள் தெரிந்த பிள்ளைக்குக் குழப்பம்தான் வரும்.

மீமறவன் கம்பீரமான சொல், மறுக்கவில்லை. ஆனால் நாயகனை வடசொல் என்று தள்ள வேண்டுமா? ‘வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ எழுத்தொடு புணர்ந்த சொல்லாகும்மே’ என்று தொல்காப்பியர் வாசலைத் திறந்தே வைத்திருக்கிறார்.

சொல்லாய்வு அன்பர் எழுதியது:

தொல்காப்பியர் திறந்தது வாசலை. வீட்டையே எழுதிக் கொடுக்கவில்லை. இருக்கும் சொல்லை விட்டுவிட்டு இரவல் வாங்குவது வேறு, இல்லாததற்கு வாங்குவது வேறு. மறவன் நம்மிடம் இருக்கிறான். இதை நான் பலமுறை இங்கே சொல்லியாயிற்று.

மென்பொருள் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

மீமறவனைத் தனி இழையில் வைத்துக்கொள்வோமா? பயிற்றுநருக்கு நாளை அச்சு.

நிறவடிப்புக்கு ஒரு நடைமுறைத் தடை இருக்கிறது. மென்பொருள்களின் தமிழ் இடைமுகங்களில் ‘ஃபில்டர்’ என்பதற்கு வடிகட்டி, வடிப்பான் என்று ஏற்கெனவே புழங்குகிறது. படத்தை மங்கலாக்குவதும் வடிப்பான், நிறம் மாற்றுவதும் வடிப்பான். அதே பட்டியலில் ‘நிறவடிப்பு’ என்று ஒன்று வந்தால் நிறத்தை மாற்றும் ஃபில்டர் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ஒரு கலைச்சொல் தனியாக நின்று அழகாக இருந்தால் போதாது, பக்கத்தில் இருக்கும் சொல்லோடு முட்டாமலும் இருக்க வேண்டும்.

தொகுப்பாளர் அக்கா சொன்ன கணக்கு முழுக்கச் சரி. ஆனால் எந்தச் சொல் தன் பொருளை முழுதாகச் சொல்லிவிடுகிறது? ‘தொலைபேசி’யில் கம்பியும் இல்லை, மின்சாரமும் இல்லை. பெயர் வாசலில் நிற்கட்டும், விளக்கம் உள்ளே இருக்கட்டும்.

படத்தொகுப்பாளர் எழுதியது:

வாசலில் நிற்கும் பெயர் தப்பான வீட்டைக் காட்டினால் என்ன செய்வது, தம்பி? தொலைபேசி என்ற பெயர் யாரையும் தவறாகப் பேச வைக்கவில்லை. ‘நீக்கம்’ மாணவரைத் தவறாக வேலை செய்ய வைக்கிறது. அதுதான் என் கவலை.

‘ஸ்பில்’ என்பதற்கு என்ன எழுதியிருக்கிறீர்கள் என்றும் தெரிய வேண்டும். துணியில் பட்ட ஒளி திரும்பி வந்து ஆளின் கழுத்திலும் தோள் ஓரத்திலும் பச்சையாக ஏறும். பறக்கும் காட்சியில் ஆள் துணி போர்த்திய முக்காலி மேலேயே படுத்திருப்பதால் வயிற்றுப் பக்கம் முழுக்க ஏறிவிடும். நின்று நடிக்கும் காட்சியில் ஆளைத் துணியிலிருந்து நன்றாகத் தள்ளி நிறுத்தி, துணிக்குத் தனி விளக்கு, ஆளுக்குத் தனி விளக்கு என்று வைத்தால் பெருமளவு குறையும். மீதியை மென்பொருளில் பச்சையைத் தணித்துச் சரிசெய்யலாம். வேலையிடத்தில் நாங்கள் ‘முகத்தில் பச்சை அடிக்குது’ என்போம்.

பட்டறைப் பயிற்றுநர் எழுதியது:

அக்கா, ‘பச்சைக் கசிவு’ என்று எழுதியிருக்கிறேன்.

தமிழாசிரியர் எழுதியது:

கசிவு ஈரத்துக்கு உரியது. உள்ளிருந்து மெல்ல வெளிவருவதுதான் கசிவு. இங்கே வெளியிலிருந்து வந்து மேலே படிகிறது. ‘நிறப்படிவு’ பொருந்தும்.

சொல்லாய்வு அன்பர் எழுதியது:

படிவு என்றால் ஆற்றுமணல் போலத் தங்கிவிட வேண்டும். விளக்கை அணைத்தால் போய்விடுவது படிவாகாது. ‘நிறச்சாயல்’ பாருங்கள்.

மென்பொருள் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

தொகுப்பாளர் அக்கா வாயிலேயே சொல் இருக்கிறது. பச்சை அடிக்கிறது என்று வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள் என்றால் ‘பச்சையடிப்பு’ என்று அப்படியே எடுத்துக்கொள்ளலாமே. வெயில் அடிக்கிறது, வாடை அடிக்கிறது என்பது போல இயல்பாக வந்த வினை. ‘பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல’ என்று நன்னூலாரே சொல்லியிருக்கிறார். புகுவது நம் வீட்டுப் பேச்சிலிருந்தே வந்தால் இன்னும் நல்லதுதானே.

தமிழாசிரியர் எழுதியது:

பச்சையடிப்பு என்றால் சுவருக்குப் பச்சை வண்ணம் அடிப்பது போல் ஒலிக்கிறது. ஆனாலும் நீலத் துணி வந்தால் ‘நீலம் அடிக்கிறது’ என்று மாற்றிக்கொள்ளலாம் என்பதால் எதிர்க்கவில்லை. வினையாகவே வைத்திருங்கள், பெயராக்க வேண்டாம்.

பட்டறைப் பயிற்றுநர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. அச்சகத்துக்கு அனுப்பும் நேரம் நெருங்கிவிட்டது. இதுவரை வந்த கருத்துகளை வைத்து இப்படி முடிவு செய்கிறேன்.

துணிக்கு ‘நிறத்திரை’, பேச்சில் பச்சைத்திரை என்றும் வரும். ‘ஸ்பில்’ வரும் இடமெல்லாம் ‘பச்சை அடித்தல்’. ‘சூப்பர் ஹீரோ’ இந்தப் பதிப்பில் அப்படியே இருக்கிறது. கீயிங்குக்கு நிறநீக்கம். தனி மடலில் கருத்துச் சொன்னவர்களிலும் கூடுதல் பேர் இதற்கே கைதூக்கினார்கள். பிடித்ததால் அல்ல, படித்த உடனே புரிகிறது என்பதால்.

அக்கா சொன்ன மூன்று புள்ளிகளின் கணக்கை அப்படியே அந்தப் பாடத்தின் முதல் பக்கத்தில் சேர்த்துவிட்டேன். ‘நீக்கம் என்று பெயர் இருந்தாலும் இங்கே எதையும் வெட்டுவதில்லை, அளக்கிறோம்’ என்று அதன் கீழே ஒரு வரி. துணிக்கு இஸ்திரி போடும் குறிப்பும் சேர்ந்துவிட்டது.

தமிழாசிரியர் எழுதியது:

நிறவடிப்பைப் பின்னிணைப்பிலாவது போடுங்கள் தம்பி. மாற்றுச்சொல் என்று ஒரு வரி போதும். எழினியை நான் வேறொரு கட்டுரையில் எழுதிக்கொள்கிறேன்.

படத்தொகுப்பாளர் எழுதியது:

கணக்கைச் சேர்த்ததற்கு நன்றி. அந்த ஒற்றை வரியை வைத்துத்தான் அந்தச் சொல்லைப் பொறுத்துக்கொள்கிறேன். ஆனால் என் எதிர்ப்பு எதிர்ப்பாகவே இருக்கட்டும். பெயருக்குக் கீழே ‘பெயரை நம்பாதே’ என்று எழுத வேண்டியிருந்தால் பெயரை மாற்றுவதுதான் முறை.

இன்னொரு வேண்டுகோள். பெரும்பாலான கைபேசிகள் நாலு புள்ளிக்கு ஒரு நிறத்தகவலைத்தான் பதிவு செய்கின்றன. அதனால் மாணவர் எவ்வளவு கவனமாக எடுத்தாலும் ஓரம் கொஞ்சம் படிக்கட்டாகத்தான் வரும். தன் தவறு என்று நினைத்துவிடுவார்கள். அச்சுக்குப் போகுமுன் அதையும் ஒரு வரி சேர்க்க முடிந்தால் சேருங்கள்.

சொல்லாய்வு அன்பர் எழுதியது:

மீமறவனுக்குத் தனி இழை தொடங்கியிருக்கிறேன். கறுப்பு வெள்ளையில் வரும் அந்த அளவுப் படத்துக்கு, ‘மேட்’ என்கிறார்களே அதற்கு, இன்னும் யாரும் சொல் தரவில்லை.