டெரா கேபினெட்டில் ஃபேனுக்கும் பேனலுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர்?

பத்துலிட்டர்:
ஃப்ராக்டல் டெரா என்ற சிறிய கம்ப்யூட்டர் கேபினெட்டுக்கு, ப்ராசசரின் சூட்டைத் தணிக்க எந்தக் கூலர் வாங்கலாம் என்று கேட்ட புதியவனுக்கு நிசப்தம் நேற்று எழுதிய பதிலைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. ப்ராசசர் கூலரின் ஃபேனுக்கும் சைடு பேனலுக்கும் நடுவே குறைந்தது 5 மில்லிமீட்டர் விட்டே ஆக வேண்டும், இல்லையென்றால் ஃபேனுக்கு மூச்சு முட்டும் என்று அவர் அறுதியிட்டுச் சொல்லியிருக்கிறார். இதை நம்பி நாளை நாலு பேர் தவறான கூலரை வாங்குவார்கள் என்பதால் தனி இழையாகவே தொடங்குகிறேன்.

டெரா 10.4 லிட்டர் பெட்டி. நடுவில் நிற்கும் தடுப்புக்கு ஒரு பக்கம் மதர்போர்டும் கூலரும், மறுபக்கம் கிராஃபிக்ஸ் கார்டும் இருக்கும். தடுப்பை இரு பக்கமும் நகர்த்தலாம். கூலருக்கு 48 முதல் 77 மி.மீ. வரை இடம் கிடைக்கும். கூலருக்கு ஏற ஏறக் கிராஃபிக்ஸ் கார்டுக்கு 72 இலிருந்து 43 மி.மீ. வரை இறங்கும். இரண்டையும் கூட்டினால் எப்போதும் 120 தான். ஆகவே நிசப்தம் தாராளமாக எடுத்துக் கொடுக்கும் அந்த 5 மி.மீ. கார்டின் பங்கிலிருந்து போகிறது. என்னுடையது மூன்று ஸ்லாட் தடிமன் உள்ள கார்டு. அதனால் 48 மி.மீ. இடத்தில் 47 மி.மீ. உயரமுள்ள தெர்மல்ரைட் ஏஎக்ஸ்பி90-எக்ஸ்47 கூலரை வைத்திருக்கிறேன். மிச்சம் 1 மி.மீ. அதற்குக் கீழே 7800எக்ஸ்3டி ப்ராசசர் ஒன்றரை ஆண்டாக ஓடுகிறது. ஒரு நாளும் மூச்சு முட்டவில்லை.

நிசப்தம்:
தனி இழை தொடங்கும் அளவுக்கு நான் என்ன குற்றம் செய்தேன் என்று தெரியவில்லை. நான் வைத்திருப்பதும் அதே கூலர், அதே ப்ராசசர். என் கார்டு சற்று மெலிந்தது என்பதால் தடுப்பை நகர்த்தி 6 மி.மீ. இடைவெளி விட்டிருக்கிறேன். முதலில் நானும் 1 மி.மீ. தான் வைத்திருந்தேன். ஃபேன் நிமிடத்துக்கு 2,000 சுற்றைத் தாண்டியதும் பேனலின் துளைகளில் காற்று உரசி எழுந்த உறுமல், கதவை மூடிக்கொண்டு பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருந்த என் மகளுக்கே கேட்டது. இடைவெளி விட்ட அன்றே அந்த உறுமல் நின்றது.

காற்று உள்ளே வரும் பக்கத்தில் தடை இருந்தால் இறக்கைகளின் நுனியில் சுழல் உண்டாகி இரைச்சல் கூடும். இது என் கற்பனை அன்று. கூலரும் ஃபேனும் செய்யும் நாக்டுவா நிறுவனம் தன் 120 மி.மீ. ஃபேன்களுக்கு, காற்று நுழையும் பக்கத்தில் பொருத்துவதற்கென்றே 5 மி.மீ. இடைவெளிச் சட்டம் விற்கிறது. 5 என்ற எண்ணை நான் அங்கிருந்துதான் எடுத்தேன்.

பத்துலிட்டர்:
அந்தச் சட்டத்தை விற்கும் அதே நாக்டுவா, தன் 37 மி.மீ. கூலர்களுக்கு வேறொரு பொருளையும் விற்கிறது. ஃபேனின் மேல் அடுக்கி, பேனல் வரைக்கும் உள்ள இடைவெளியை முழுவதும் அடைத்துவிடும் நுரை வளையங்கள் அவை. இடைவெளி அவ்வளவு நல்லது என்றால் அதை அடைப்பதற்கு ஏன் பொருள் விற்க வேண்டும்? இதற்கு நேரான பதில் வேண்டும்.

காற்று எப்போதும் எளிதான வழியைத்தான் தேடும். பேனலும் ஃபேனும் நெருங்கியிருந்தால் வெளியிலிருக்கும் குளிர்ந்த காற்றை இழுப்பதைத் தவிர ஃபேனுக்கு வேறு வழியில்லை. 6 மி.மீ. விட்டால், கூலரின் உலோகத் தகடுகளான ஹீட்சிங்கில் சூடாகி மதர்போர்டின் மேல் பரவிய காற்று, ஃபேன் சட்டத்தின் நான்கு ஓரங்களிலும் ஏறி மறுபடியும் அதே ஃபேனுக்குள் விழும். சுட்ட காற்றையே திரும்பத் திரும்பச் சுட வைப்பதற்கு எதற்குச் செம்புக் குழாய்கள்? 1 மி.மீ. போதும். 1 மி.மீ. தான் சரி.

சிங்கைவாசி:
என் அனுபவத்தையும் சொல்கிறேன். என்னிடம் இருப்பது 65 வாட் ரைசன் 7 7700, நாக்டுவாவின் 37 மி.மீ. கூலர், 48 மி.மீ. இடம். 11 மி.மீ. திறந்தே கிடக்கிறது, நுரை எதுவும் வைக்கவில்லை. கேம் ஆடும்போது 74 டிகிரியைத் தாண்டியதில்லை. பத்துலிட்டர் சொல்வதுபோல் சுட்ட காற்று சுற்றிக்கொண்டிருந்தால் இது எப்படி நடக்கும்?

பத்துலிட்டர்:
நீங்கள் சிங்கப்பூரில் ஏசி அறையில் 24 டிகிரியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். நான் சென்னையில் மொட்டை மாடிக்கு நேர் கீழே, மே மாதத்தில், 35 டிகிரியில் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் 74 எனக்கு 85. ஏசியின் தயவில் வந்த எண்ணை வைத்துக்கொண்டு 11 மி.மீ. இடைவெளிக்குப் பெருமை தேடாதீர்கள்.

கணக்குப்பிள்ளை:
அறை வெப்பத்தைக் கழித்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும் என்பது சரி. ஆனால் மூவரும் ஒரே பொருளைத்தான் அளக்கிறீர்களா என்பதில் எனக்கு ஐயம் இருக்கிறது. சிங்கைவாசி கேமில் அளந்திருக்கிறார், ப்ராசசரும் வேறு. நிசப்தம் டிகிரியைப் பற்றிப் பேசவே இல்லை, சத்தத்தைப் பற்றித்தான் பேசுகிறார். மேலும் இடைவெளி என்று நீங்கள் சொல்வது ஃபேன் சட்டத்திலிருந்தா, இறக்கையிலிருந்தா? இறக்கை சட்டத்தின் விளிம்பைவிடச் சற்று உள்ளே அமைந்திருக்கும். ஓரங்கள் அடைக்கப்பட்டவையா, திறந்தவையா? இதை முடிவு செய்துகொள்ளாமல் 1, 5, 11 என்று பேசுவதில் பொருளில்லை.

நிசப்தம்:
பத்துலிட்டரின் கேள்விக்கு நேரான பதில் இதோ. நுரை வளையம் ஓரங்களைத்தான் அடைக்கிறது. இறக்கைக்கும் பேனலுக்கும் நடுவே உள்ள தூரத்தை அது குறைப்பதில்லை. 37 மி.மீ. கூலரின் மேல் 11 மி.மீ. நுரையை வைத்தாலும் இறக்கைக்கு 11 மி.மீ. இருக்கத்தான் செய்கிறது. நீங்கள் சான்றாகக் காட்டிய பொருளே என் பக்கம் நிற்கிறது.

பத்துலிட்டர்:
தம்பி, நீங்கள் 5 மி.மீ. விடச் சொன்னபோது நுரை என்ற சொல்லையே எழுதவில்லை. இப்போது நான் சொன்ன பிறகு அதை எடுத்து உங்கள் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறீர்கள். உங்கள் பெட்டியில் அந்த 6 மி.மீ. இடைவெளியைச் சுற்றி நுரை இருக்கிறதா, இல்லையா?

நிசப்தம்:
எனக்கு 46 வயது ஆகிறது. தம்பி என்று அழைத்துப் பேசுவதை நிறுத்திக்கொள்ளுங்கள். 2009 இல் இன்டெல் ஆட்டம் பொருத்திய மினி ஐடிஎக்ஸ் என்ற சிறிய மதர்போர்டில் தொடங்கி இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறேன். நுரை இல்லை, தேவையும் படவில்லை. சென்ற ஆண்டு ஒருவர் புதுக் கார்டைப் போட்டுவிட்டுத் திரையில் எதுவும் வரவில்லை என்று தவித்தபோது, கார்டை மதர்போர்டோடு இணைக்கும் ரைசர் கேபிளில் குறையே இருக்காது, பவர் சப்ளையை மாற்று என்று இதே உறுதியோடு சொன்னவர்தான் நீங்கள் என்பதையும் எல்லோரும் நினைவில் வைத்திருப்பது நல்லது. பிசிஐஇ என்ற இணைப்பு முறையில் அது மூன்றாம் தலைமுறை ரைசர், கார்டோ நான்காம் தலைமுறை. மதர்போர்டின் அடிப்படை அமைப்புகள் உள்ள பயாசில் அந்த ஸ்லாட்டை மூன்றாம் தலைமுறைக்கு இறக்கியதும் படம் வந்தது. அவர் புதுப் பவர் சப்ளைக்குச் செலவழித்த பணம் திரும்பி வரவில்லை.

பத்துலிட்டர்:
அந்த ரைசரை நான்காம் தலைமுறை என்று சொல்லி விற்றது ஒரு கடை. பெட்டியின் மேல் அப்படித்தான் அச்சிட்டிருந்தது என்று வாங்கியவரே எழுதினார். எழுதியிருந்ததை நம்பிச் சொன்னேன், அதற்கு அன்றே வருத்தமும் தெரிவித்தேன். டெராவோடு வரும் ரைசர் நான்காம் தலைமுறைதான், ஆகவே அந்தக் கதைக்கு இங்கே வேலையில்லை. பழைய கணக்கைக் கிளறுவதால் உங்கள் 6 மி.மீ. சரியாகிவிடாது.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இதற்காகவே செலவழித்தேன். அறை 33 டிகிரி. என் கார்டைக் கழற்றிவிட்டு, நண்பரிடமிருந்து இரண்டு ஸ்லாட் கார்டு ஒன்றைக் கடன் வாங்கிப் பொருத்தி, தடுப்பை நகர்த்தி, 47 மி.மீ. கூலருக்கு மேல் 11 மி.மீ. வரும்படி வைத்தேன். ஃபேன் வேகத்தை ஒரே அளவில் பூட்டிவிட்டுப் ப்ராசசரை முழுதாக உழைக்கவைக்கும் சினிபென்ச் சோதனையைப் பத்து நிமிடம் ஓட்டினேன். 11 மி.மீ. இல் 88 டிகிரி. 89 தான் அந்த ப்ராசசரின் எல்லை. 1 மி.மீ. இல் 85 டிகிரி. பிறகு ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி, முதலில் பேனலுக்கு வெளியே பிடித்தேன். 1 மி.மீ. இருந்தபோது புகை நூல் பிடித்ததுபோல் நேராகத் துளைகளுக்குள் போனது. 11 மி.மீ. இருந்தபோது பாதிப் புகை தயங்கி மேலே ஏறியது. மேல் மூடியைத் திறந்து ஊதுபத்தியை மதர்போர்டின் ஓரத்தில் பிடித்தபோது, புகை ரேம் குச்சிகளைத் தாண்டி வளைந்து ஃபேனுக்குள் திரும்பிப் போனதை என் கண்ணால் பார்த்தேன். சுட்ட காற்று திரும்புகிறது என்று நான் சொன்னது இதைத்தான்.

சிங்கைவாசி:
மூன்று டிகிரிக்காகவா இவ்வளவு? ப்ராசசரின் மின்னழுத்தத்தைக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசரில் மைனஸ் 20 வைத்தால் அதைவிடக் கூடுதலாகக் குறையுமே.

பத்துலிட்டர்:
அது இரண்டு இடைவெளிக்கும் பொது. அதை வைத்த பிறகும் இடைவெளியால் வரும் வேறுபாடு அப்படியே நிற்கும். பேச்சை மாற்றாதீர்கள்.

கணக்குப்பிள்ளை:
11 மி.மீ. இடைவெளியை ஓரம் அடைத்து ஒரு முறையும், 6 மி.மீ. இடைவெளியை ஓரம் அடைத்து ஒரு முறையும் ஓட்டியிருந்தால் இந்த இழையே முடிந்திருக்கும். ஜன்னல் இடுக்கில் ஒட்டும் நுரைப்பட்டை எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். நான்கு துண்டு வெட்டி ஃபேன் சட்டத்தின் மேல் ஒட்டினால் போதும்.

நிசப்தம்:
பத்துலிட்டர் 11 மி.மீ. இல் ஓட்டியிருக்கிறார். நான் சொன்னது 5. எனக்கு வேண்டாத எண்ணை அவரே எடுத்துக்கொண்டு, அதைத் தோற்கடித்துவிட்டு, என்னைத் தோற்கடித்ததாக எழுதுகிறார். கார்டை மாற்றிவிட்டு ஓட்டியதும் முறையன்று. தடுப்பின் மறுபக்கத்திலிருந்து ஏறும் சூடும் அதனால் மாறியிருக்கும். இவ்வளவு செய்தவர், எந்த நிலையில் எவ்வளவு சத்தம் வந்தது என்று ஒரு வரி கூட எழுதவில்லை என்பதை எல்லோரும் கவனிக்க வேண்டும். 1 மி.மீ. இல் அந்த உறுமல் வந்திருக்கும். அதனால்தான் எழுதவில்லை.

புதியவன்:
நேற்று கேள்வி கேட்டவன் நான்தான். என்னுடையது இரண்டு ஸ்லாட் ஆர்டிஎக்ஸ் 4070, தடிமன் 40 மி.மீ. தடுப்பைக் கார்டு பக்கம் கடைசி வரை தள்ளினால் கூலருக்கு 77 மி.மீ. கிடைக்கும் என்பதால் 70 மி.மீ. உயரமுள்ள நாக்டுவா என்ஹெச்-எல்12எஸ் வாங்கிவிட்டேன். பெட்டியைப் பிரித்துப் பார்த்தால் அதில் ஃபேன் ஹீட்சிங்குக்கு அடியில் இருக்கிறது, பேனலைப் பார்த்து நிற்பது வெறும் தகடுகள்தான். அப்படியானால் ஃபேனுக்கும் பேனலுக்கும் நடுவே உள்ள இடைவெளி என்ற பேச்சு எனக்குப் பொருந்துமா?

நிசப்தம்:
உங்களுக்கு 7 மி.மீ. இருக்கிறது, இறக்கையோ தகடுகளுக்கும் கீழே. உறுமல் வராது. நான் நேற்று சொன்னதை நீங்கள் அறியாமலே செய்திருக்கிறீர்கள்.

பத்துலிட்டர்:
நீங்கள் சொன்னதை அவர் செய்யவில்லை. ஃபேன் அடியில் இருந்தாலும் அது தகடுகளின் வழியாகத்தான் காற்றை இழுக்கிறது. பேனலுக்கும் தகடுகளுக்கும் நடுவே 7 மி.மீ. ஓரம் திறந்து கிடந்தால் சூடான காற்று அங்கேயும் நுழையும். தடுப்பைக் கூலர் பக்கம் நகர்த்தி அந்த இடைவெளியைக் குறையுங்கள்.

நிசப்தம்:
அவருடைய கார்டுக்கு 43 மி.மீ. இடம், கார்டு 40. அங்கே 3 மி.மீ. தான் இருக்கிறது. தடுப்பை நகர்த்தினால் கார்டுக்கும் பேனலுக்கும் நடுவே இடைவெளி கூடும். உங்கள் விதிப்படி கார்டு சூடாக வேண்டுமே? எந்தப் பக்கம் சுட்டால் உங்களுக்குச் சம்மதம்?

பத்துலிட்டர்:
கார்டுகளை எடுத்துக்காட்டியதற்கு நன்றி. இப்படித் தடுப்புக்கு இரு பக்கமும் பொருள்களை அமைக்கும் எந்தப் பெட்டியை எடுத்தாலும், டான் ஏ4 தொடங்கி டெரா வரைக்கும், கார்டின் ஃபேன்கள் பேனலை ஒட்டியேதான் நிற்கின்றன. 200 வாட் கார்டுக்கு 3 மி.மீ. போதும் என்றால், கேமில் அதில் பாதி கூட இழுக்காத ப்ராசசருக்கு 1 மி.மீ. ஏன் போதாது? நான் முதல் பதிவிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பது இந்த ஒன்றைத்தான், யாரும் பதில் சொல்லவில்லை.

கணக்குப்பிள்ளை:
கார்டின் ஹீட்சிங்க் அந்தக் கூலரைப் போலப் பல மடங்கு பெரியது. அதனால் அதன் ஃபேன்கள் மெதுவாகச் சுற்றினாலே போதும். அது பதிலாகாதா?

பத்துலிட்டர்:
ஆகாது. கேள்வி ஃபேனுக்கு மூச்சு முட்டுகிறதா என்பது. முட்டவில்லை. 1 மி.மீ. போதும்.

நிசப்தம்:
இன்று இரவு ஒலிப்பதிவு செய்து இடுகிறேன். மூன்று விசிட்டிங் கார்டுகளை அடுக்கிச் செருகி 1 மி.மீ. என்று உறுதி செய்துகொண்டு ஒரு முறை, 6 மி.மீ. இல் ஒரு முறை, போனை ஒரே இடத்தில் வைத்து, ஃபேனை ஒரே வேகத்தில் ஓட்டுவேன். ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கேளுங்கள்.

பத்துலிட்டர்:
அறையின் வெப்பத்தையும் கூடவே எழுதுங்கள். விசிட்டிங் கார்டுகளின் தடிமனை வெர்னியரில் அளந்து போடுங்கள். மூன்று அடுக்கினால் 1 மி.மீ. வராது என்று நினைக்கிறேன்.