கியர் பேக்லாஷுக்குத் தமிழ்ச்சொல்: 380 கியர்பாக்ஸில் 540 மோட்டார் ஏற்றும் குறிப்புக்காக

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

வணக்கம். பழைய ஆர்சி (ரிமோட்டில் ஓடும்) கார் கியர்பாக்ஸில் 380 மோட்டாரைக் கழற்றி அதைவிடப் பெரிய 540 ஏற்றும் குறிப்பைத் தமிழில் எழுதுகிறோம். மோட்டார், பினியன் (மோட்டாரில் மாட்டும் சிறு பற்சக்கரம்), ஷாஃப்ட் என்ற சொற்கள் எல்லாம் அப்படியே இருக்கட்டும். கேரள எல்லையான வாளையாறுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பட்டறைப் பேச்சு அதுதான். சிக்கல் பேக்லாஷ் என்ற ஒரே சொல்லில், அதாவது கவ்வும் இரு சக்கரங்களின் பற்களுக்கு நடுவே விடும் சிறு தளர்வு. "பின்னடைவு" என்று போட்டால் தேர்தல் தோல்வி போல இருக்கிறது. சொல் வரும் பகுதி இது:

"380 மோட்டாரின் விட்டம் ஏறத்தாழ 28 மி.மீ., ஷாஃப்ட் 2.3 மி.மீ., திருகுத் துளைகளுக்கு நடுவே 16 மி.மீ. 540-க்கு இவை 36, 3.17, 25. பழைய துளை எதுவும் உதவாது. 3 மி.மீ. அலுமினியத் தகட்டில் நடுவே 13 மி.மீ. துளையும், அதன் மையத்திலிருந்து இருபுறமும் 12.5 மி.மீ. தள்ளி 3.2 மி.மீ. அகல நீள்துளைகளும் போடவும். மோட்டாரை நகர்த்தி, பினியனுக்கும் பெரிய சக்கரத்துக்கும் இடையே தேவையான ______ விட்டுத் திருகை இறுக்கவும்."

கோடிட்ட இடத்துக்கு "பல்லாட்டம்" சரிவருமா?

பொள்ளாச்சியிலிருந்து:

முதலில் குறிப்பில் ஒரு திருத்தம். திருகுத் துளைகள் மட்டும் நீண்டிருந்தால் மோட்டார் நகராது. முகப்பில் இருக்கும் 13 மி.மீ. மேடு வட்டத்துளையில் சிக்கி நிற்கும். நடுத்துளையையும் 13 × 15 என்று நீட்டுங்கள். மூன்று துளைகளும் நீளும் திசை, பெரிய சக்கரத்தின் மையத்தை நோக்கிய கோட்டுக்கு இணையாக இருக்க வேண்டும்.

திருகின் நீளத்தையும் எழுதுங்கள். தகடு 3, வாஷர் 0.5 என்றால் எம்3 × 6 போதும். 10 மி.மீ. திருகு உள்ளே சுற்றுக்கம்பியில் போய் இடிக்கும்.

சொல்லுக்கு வருவோம். "பல்லாட்டம்" வேண்டாங்க. பேரிங் தேய்ந்தால் "ஆட்டம் வந்துடுச்சு" என்கிறோம், அது கோளாறு. பேக்லாஷ் கோளாறு அல்ல, தெரிந்தே விடுவது. அது இல்லாவிட்டால் பற்கள் இரு பக்கமும் உரசிச் சூடாகும், மோட்டார் கூடுதல் கரண்ட் இழுக்கும், பிளாஸ்டிக் சக்கரம் இளகும். அதிகமானால் பல் நுனிகள் மட்டும் தொட்டு, ரிவர்ஸ் போட்ட உடனே உதிர்ந்துவிடும். படிப்பவர் "ஆட்டம்" என்று பார்த்தால் அதை ஒழிக்கத்தான் முயல்வார்.

செங்கோட்டையிலிருந்து:

"பல்லிடுக்கு" என்று யாரேனும் சொல்லும் முன்பே மறுத்துவிடுகிறேன். அது ஒரே சக்கரத்தில் அடுத்தடுத்த இரு பற்களுக்கு நடுவே உள்ள பள்ளம். "இடைவெளி"யும் ஆகாது, ஏனென்றால் இங்கே மூன்று அளவுகள் உண்டு: மையத்துக்கு மையம் உள்ள தூரம், பல் நுனிக்கும் எதிர்ப்பள்ளத்தின் அடிக்கும் உள்ள வெளி, பேக்லாஷ். அழுத்தக் கோணம் 20 பாகை உள்ள பல்லில் மோட்டாரை 0.1 மி.மீ. விலக்கினால் பேக்லாஷ் 0.07 மி.மீ. அளவே கூடும். மூன்றுக்கும் ஒரே சொல் வைத்தால் கணக்கு குழம்பும்.

"பல்தளர்வு" என்பது என் முன்மொழிவு. "கொஞ்சம் லூஸ் விட்டு மாட்டு" என்கிறோமே, அந்த லூஸ்தான் தளர்வு. மலையாளத்தில் "அயவு" என்றால் பாலக்காட்டுப் பக்கமும் இதே பொருளில் புரிந்துகொள்வார்கள். "தளர்ச்சி" என்று மட்டும் மாற்றிவிட வேண்டாம். இரு மொழியிலும் அது உடற்சோர்வு.

பொள்ளாச்சியிலிருந்து:

தளர்வு சரி, பல் சரியில்லை. புணர்ச்சி பார்த்தால் "பற்றளர்வு" ஆகும். யாரும் அதைப் பிரித்துப் படிக்க மாட்டார்கள். லேத்தில் கைப்பிடியைத் திருப்பிச் சுற்றும்போது முதலில் சும்மா சுற்றுகிறதே, அதுவும் பேக்லாஷ்தான். அங்கே பல் கிடையாது, மரைதான். சக்கரப் பற்கள் கவ்வும் இடத்தில் உள்ளதைக் "கவ்வுதளர்வு" என்றும், திருகில் உள்ளதை "மரைத்தளர்வு" என்றும் வைக்கலாம். கவ்வுதளர்வு வினைத்தொகை, நடுவில் த் மிகாது. பற்கள் ஒன்றோடொன்று கோத்து நிற்கும் மேஷ் என்பதற்குக் "கவ்வல்" தானாகவே கிடைக்கிறது.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

கவ்வுதளர்வு வாக்கியத்தில் நன்றாக உட்காருகிறது: "80 ஜிஎஸ்எம் தாளை ஒரு விரல் அகலத்துக்கு வெட்டிப் பற்களுக்கு நடுவே கொடுத்து, மோட்டாரை நெருக்கி இறுக்கவும். சக்கரத்தை உருட்டித் தாளை எடுத்தால், கிழியாமல் மடிப்பு மட்டும் விழுந்திருக்க வேண்டும். அதுவே போதுமான கவ்வுதளர்வு." தாளின் தடிமன் 0.1 மி.மீ. என்பதால் கவ்வுதளர்வும் 0.1 என்று போடலாமா?

செங்கோட்டையிலிருந்து:

கூடாது. தாள் பல்லின் இரு பக்கமும் நுழைகிறது. அழுந்தினாலும் தளர்வு 0.1-ஐத் தாண்டும். அளவு எழுதாமல் சோதனையை மட்டும் எழுதுங்கள். ஒரே இடத்தில் பார்த்து நிறுத்தவும் கூடாது. பழைய சக்கரம் வட்டம் பிசகியிருக்கும், ஒரு முழுச் சுற்றில் மிக இறுக்கமான இடம் எதுவோ அங்கே தாள் வைக்க வேண்டும். நைலான் சக்கரமானால் ஈரம் குடித்து ஊதும். கோடையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் காய்ந்திருக்கும்போது வைத்த கவ்வுதளர்வு இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் குறையும். அதையும் ஒரு வரி சேருங்கள்.

பல்லின் அளவை இதற்கெல்லாம் முன்பே சரிபார்க்கச் சொல்லுங்கள். பெரிய சக்கரத்தின் வெளிவிட்டத்தைப் பல் எண்ணிக்கையோடு 2 கூட்டி வகுத்தால் பல்லளவைச் சொல்லும் மாட்யூல் வரும். 0.6 மாட்யூல் சக்கரத்தோடு 48 பிட்ச் (அங்குல விட்டத்துக்கு 48 பல்) பினியனைக் கோத்தால் அதன் மாட்யூல் 0.53, எத்தனை கவ்வுதளர்வு விட்டாலும் அரைக்கும். 32 பிட்சும் 0.8 மாட்யூலும் ஒன்றோடொன்று ஓடும்.

பொள்ளாச்சியிலிருந்து:

பினியன் துளை பற்றியும் ஒரு வரி. பழைய 2.3 மி.மீ. பினியனைக் குடைந்து 3.17 ஆக்கினால் சிறிய பினியனில் பல்லின் அடி மெலிந்து விரிசல் விடும், துளையும் மையம் விலகும். 3.17 துளையோடு அதே மாட்யூலில், அதே பல் எண்ணிக்கையில் புதிதாக வாங்குவது நல்லது. 0.6-ல் ஒரு பல் கூடினால் மையத்தூரம் 0.3 மி.மீ. நகரும். 13 × 15 நடுத்துளையில் இருக்கும் 2 மி.மீ. ஓட்டம் ஆறு பல் மாற்றம் வரை தாங்கும், 36 மி.மீ. உடல் கியர்பாக்ஸ் சுவரில் இடிக்காதவரை. திருகு கழலாமல் பிடிக்கும் பசையை ஏபிஎஸ் பிளாஸ்டிக் உடம்பில் படவிடக் கூடாது, விரிசல் விடும். மோட்டார் திருகில் ஒரு துளி, அதுவும் கவ்வுதளர்வு வைத்து முடித்த பிறகு.