பூட்டு போட்டும் விழுந்த சர்வர்: உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

கோ மொழியில் எழுதிய ஒரு சேவை. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, அதுவும் கூட்டம் அதிகமான நேரத்தில் மட்டும், பொத்தென்று விழும். கடைசியில் எப்போதும் ஒரே செய்தி: ‘ஃபேட்டல் எரர்: கன்கரன்ட் மேப் இட்டரேஷன் அண்ட் மேப் ரைட்’. ஒரு கோரூட்டீன் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளில் ஒன்று) மேப்பை (பெயரைக் கொடுத்தால் மதிப்பைத் தரும் பட்டியல்) சுற்றிப் படித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று அதில் எழுதிவிட்டது என்று அர்த்தம். ஓடும்போது வரும் சாதாரண பிழை (பேனிக்) என்றால் ரெகவர் என்ற வசதியை வைத்துப் பிடிக்கலாம். இதைப் பிடிக்க முடியாது, மொத்த சேவையும் போய்விடும்.

“அந்த மேப்புக்கு லாக் போட்டிருக்கிறதா?” என்று கேட்டேன். “போட்டாச்சு” என்றார் நண்பர். நான் கேட்டது ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டை. பார்த்தால், அவர் போட்டது என்ன நடக்கிறது என்று எழுதிவைக்கும் லாக்! (தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான், என்ன செய்ய. இனி பூட்டு என்றே சொல்கிறேன்.) அந்த வரியோ மேப் முழுவதையும் அச்சிட்டது. அச்சிடுவதும் மேப்பைச் சுற்றி வருவதுதானே? சர்வர் முன்பைவிட அடிக்கடி விழுந்தது.

வேடிக்கை என்னவென்றால், உண்மையான பூட்டும் நிரலில் இருந்தது. பூட்டை எடுத்து, மேப்பைத் திருப்பிக் கொடுத்து, பூட்டை விடும் ஒரு சின்ன ஃபங்ஷன். பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் கோ மொழியில் மேப்பைக் கொடுத்தால் நகல் போகாது, அதே மேப்தான் போகும். வாங்கியவர் பூட்டுக்கு வெளியே நின்று, சாவகாசமாக அதைச் சுற்றிப் படித்து ஜேசான் என்ற எழுத்து வடிவமாக ஆக்கிக்கொண்டிருந்தார்.

இதைக் காட்டிக்கொடுத்தது ரேஸ் டிடெக்டர், ஒரே தரவை இரண்டு பேர் பூட்டில்லாமல் தொடுவதைக் கண்டுபிடிக்கும் கருவி. அதோடு சேர்த்து நிரலைக் கட்டினால் வேகம் 2 முதல் 20 மடங்கு குறையும், நினைவகம் 5 முதல் 10 மடங்கு கூடும். அதனால் சோதனை சர்வரில் மட்டும் ஓட்டி, நிஜம் போன்ற சுமையைக் கொடுத்தோம். விழும்வரை காத்திருக்கத் தேவையில்லை. படித்தவர் யார், எழுதியவர் யார் என்று இரண்டு ஸ்டாக்கையும் (எந்தெந்த ஃபங்ஷன் வழியாக அங்கே வந்தது என்ற பட்டியல்) சேர்த்தே காட்டும். ஓடாத பாதையில் இருக்கும் தப்பு மட்டும் அதன் கண்ணில் படாது.

பூட்டுக்குள்ளேயே நகல் எடுத்துக் கொடுத்தோம். விழுவது நின்றது, ஆனால் டிடெக்டரின் எச்சரிக்கை நிற்கவில்லை! அதற்கு நாங்கள் வைத்த மேப்ஸ் குளோன் என்ற ஃபங்ஷன் எடுப்பது மேலோட்டமான நகல். உள்ளே இருந்த பாயின்டர்கள் (தரவு இருக்கும் இடத்தின் முகவரிகள்) பழைய தரவையே சுட்டின. இந்த நிலைதான் மோசம் என்பேன், விழாமலே தப்பான தகவல் போகும். கடைசியில், இருக்கும் மதிப்பைத் திருத்தாமல் புதிதாக ஒன்றை உருவாக்கி மாற்றிவைக்கும்படி எழுதினோம். அப்புறம்தான் எச்சரிக்கை ஓய்ந்தது.

* * *

உங்கள் சர்வராவது விழுந்தது. எங்களுடையது விழவே இல்லை, அதனால்தான் கண்டுபிடிக்கத் தாமதம். ஜாவா 6 காலம். சர்வர் உயிரோடு இருக்கும், பதில் வராது, சிபியூ 100 சதவீதம். ஜேஸ்டாக் என்ற கருவியை வைத்து, 10 விநாடி இடைவெளியில் மூன்று முறை த்ரெட் டம்ப் எடுத்தோம், அதாவது ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள் (த்ரெட்கள்) ஒவ்வொன்றும் எங்கே நிற்கிறது என்ற பட்டியல். மூன்றிலும் அதே த்ரெட்கள், அதே ஹேஷ்மேப் கெட், ஜாவாவின் மேப்பில் தேடும் அழைப்பு. இரண்டு த்ரெட்கள் ஒரே நேரத்தில் மேப்பைப் பெரிதாக்கும்போது உள்ளே இருக்கும் சங்கிலி வட்டமாகிவிடலாம். தேடப் போனவர் திரும்ப மாட்டார். ஜாவா 8இல் அந்த இடத்தை மாற்றி எழுதிவிட்டார்கள், ஆனால் ஹேஷ்மேப் இன்றும் பல த்ரெட்கள் சேர்ந்து எழுத ஏற்றதல்ல.

பல த்ரெட்கள் சேர்ந்து எழுத ஏற்ற கன்கரன்ட்ஹேஷ்மேப்புக்கு மாறினோம். அதிலும் ஒரு ஓட்டை விட்டோம். ‘இருக்கிறதா பார், இல்லையென்றால் போடு’ என்று இரண்டு வரியாக இருந்த இடத்தில், நடுவில் இன்னொரு த்ரெட் புகுந்துவிடும். அதை புட்இஃப்ஆப்சென்ட் என்று ஒரே அழைப்பாக்கினோம்.

* * *

எங்களைப் போன்ற சி பிளஸ் பிளஸ்காரர்களுக்கு, கோவில் உங்களுக்கு வந்தது போன்ற பிழைச் செய்திகூடக் கிடைக்காது. ஒரு த்ரெட்டில் வெக்டர் (வளரக்கூடிய வரிசை) வளர்ந்து நினைவகத்தில் இடம் மாறும், இன்னொன்று பழைய முகவரியைப் படிக்கும், செக்மென்டேஷன் ஃபால்ட் என்று நிரல் விழும். கோர் டம்ப்பை (விழுந்த நேரத்து நினைவகப் பதிவு) ஜிடிபி என்ற பிழைதேடும் கருவியில் திறந்தால் எல்லா த்ரெட்களின் பேக்டிரேஸையும் (ஒவ்வொன்றும் அங்கே வந்த வழி) எடுங்கள். விழுந்த த்ரெட்டை மட்டும் பார்த்து நான் இரண்டு நாள் வீணாக்கினேன். எழுதிய த்ரெட் பக்கத்திலேயே இருந்தது.