கிணத்துத் தண்ணில நைத்திரேற்று: குழியா, யூரியாவா எண்டு கண்டுபிடிக்கேலுமா?

ஆரையம்பதி வீடு:
எங்கட வளவுக் கிணத்துத் தண்ணிய லேப்புக்குக் குடுத்தம், நைத்திரேற்று லீற்றருக்கு 14 மில்லிகிராம் எண்டு வந்திருக்கு. எல்லை 50 தானே எண்டு இவர் நிம்மதியா இருக்கார், எனக்குத்தான் மனம் கேக்குதில்ல, மூண்டு மாசப் பிள்ளைக்கு இதிலதான் பால்மா கரைக்கிறன். எங்கட கக்கூஸ் குழி கிணத்துக்கு 25 அடி, பக்கத்து வளவில மாட்டுக்கொட்டில், பின்னால கத்தரி மிளகாய்த் தோட்டம், அங்க யூரியா போடுறாங்க, கேட்டா ஆளாளுக்கு மத்தாளக் கை காட்டுறாங்க. சமதானி எண்டு ஒரே மூலகத்தில நிறை வித்தியாசமான அணுக்கள் இருக்காம், அதப் பார்த்தா எங்கயிருந்து வருது எண்டு சொல்லலாமாமே, உண்மையா?

கல்முனை லேப்:
தங்கச்சி, முதல்ல ரிப்போட்டத் திரும்பப் பாருங்க. 14க்குப் பக்கத்தில "நைத்திரேற்றாக" எண்டிருக்கா, "நைதரசனாக" எண்டிருக்கா?

ஆரையம்பதி வீடு:
சின்ன எழுத்தில "நைதரசனாக" எண்டுதான் கிடக்கு அண்ணன்.

கல்முனை லேப்:
அப்ப நைத்திரேற்றாக மாத்த 4.43 ஆல பெருக்கணும், 62 வருது. 50 எண்டுறது நைத்திரேற்றாகச் சொல்ற எல்லை, உலக சுகாதார ஸ்தாபனம் அத வச்சதே போத்தல்பால் குடிக்கிற குழந்தைகள நினைச்சுத்தான். இண்டைக்கே பிள்ளைக்கு வேற தண்ணி எடுங்க. கொதிக்க வச்சாலும் போகாது, தண்ணி வத்த வத்த இன்னும் கூடும். உதடு, நகம் நீலமாத் தெரிஞ்சா உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க.
சமதானி விசயம் உண்மைதான். நைதரசன் அணுவில 14, 15 எண்டு ரெண்டு நிறை இருக்கு. யூரியாவக் காத்து நைதரசன்ல இருந்துதான் செய்றாங்க, அதால அதில பாரமான 15இன்ட பங்கு காத்தோட ஒப்பிட்டா ஆயிரத்துக்கு -4 இல இருந்து +4க்குள்ள நிக்கும். குழியில அப்பிடி இல்ல, மூக்கில ஏறுற அந்த அமோனியா இருக்கே, அது ஆவியாப் போகக்குள்ள இலேசான 14தான் முந்திப் போகுது, மிஞ்சுறது பாரமாகி +7க்கு மேல, 20 வரைக்கும் வரும்.

ஏறாவூர் மாணவி:
ஆனா மாட்டுச்சாணியும் மனிசக் கழிவும் அதே +7, +20க்குள்ளதான் விழும் அக்கா, கொட்டிலா குழியா எண்டு நைதரசன் மட்டும் சொல்லாது. அதுக்குப் போரன் எண்டுற மூலகத்தின்ட சமதானி பார்க்கலாம், இல்லாட்டி அசெசல்பேம் எண்டுற செயற்கை இனிப்பத் தேடலாம், அது மாட்டுக்கொட்டில்ல இருந்து வராது. இன்னொரு சிக்கல், ஒட்சிசன் இல்லாத சேத்துமண்ணில பக்டீரியா நைத்திரேற்றத் திண்டு போடும், திங்கக்குள்ள 14தான் முதல்ல போகும், அப்ப யூரியாவால வந்ததும் குழித்தண்ணி மாதிரித் தெரியும். அதாலதான் நைத்திரேற்றில இருக்கிற ஒட்சிசன்ட பாரமான சமதானி 18உம் சேத்துப் பார்க்கிறது, பக்டீரியா வேலையெண்டா ரெண்டும் சேந்தே ஏறும், நைதரசன் 2 ஏறினா ஒட்சிசன் 1 இல இருந்து 2 வரை.
ஒரு கிணத்துத் தண்ணிய மட்டும் அனுப்பினா காசுதான் போகும். உங்கட ஊர் வாவிக்கும் கடலுக்கும் நடுவில கிடக்கிற மணல், மழைத்தண்ணி உள்ள இறங்கி ரெண்டு பக்கமும் வடியுது, அதால உங்கட கிணத்துக்கு எந்தப் பக்கம் மேடு எண்டு பார்த்து அந்தப் பக்கக் கிணறு, தோட்டக் கிணறு, குழித்தண்ணி எல்லாத்திலயும் எடுங்க, மாரி முடிய ஒருக்கா, கோடையில ஒருக்கா.

ஆரையம்பதி வீடு:
பிள்ளைக்கு இப்ப பைப் தண்ணி எடுத்தாச்சு. பக்கத்து வளவு அக்காவும் தோட்டக்காரரும் தங்கட கிணத்தில எடுக்கச் சொல்லிட்டாங்க. எடுத்த தண்ணிய ஐஸ்பெட்டில வச்சாப் போதுமா?

கல்முனை லேப்:
0.45 மைக்ரோன் பில்டரால வடிச்சு உறைய வைங்க, இல்லாட்டி போற வழியிலயே பக்டீரியா வேலையத் தொடங்கிரும். போத்தலக் கழுத்துவரை நிரப்பாதீங்க, உறையக்குள்ள வெடிக்கும்.