தாத்தா சைக்கிளுக்கு எலுமிச்சம்பழம்

குழு: தோட்டப்பாளையம் வீடு
ஆயுத பூசை அன்று

நான், காலை 6:04
[படம்]
தாத்தாவோட ஹெர்குலிஸ் ரெடி! நானும் சித்தப்பாவும் மூணு ஞாயித்துக்கிழமை உக்காந்து ஓவராயில் பண்ணோம். பெருசு பண்ணிப் பாருங்க எல்லாரும்.

நான், காலை 6:05
[படம்]
இது ஹேண்டில்பார் கிட்டக்க எடுத்தது. இடது பக்கம் மட்டும் பளபளப்பு தேஞ்சு இரும்பு தெரியுதா? தாத்தா டிபன் பை மாட்டுன இடம். தினமும் பாலாத்துப் பாலம் தாண்டி காட்பாடிக்குப் போய் வந்தாரே, அந்தப் பை ஆடி ஆடித் தேய்ச்சது.

சித்தப்பா, காலை 6:11
போட்டோ இருக்கட்டும்டா. வீல் வீடியோவ போடு. அத்த பாத்தாதான் நாம இன்னா பண்ணோம்னு தெரியும்.

நான், காலை 6:13
[வீடியோ]

சித்தப்பா, காலை 6:17
எல்லாரும் வால்வ மட்டும் பாருங்க. முன் வீல தூக்கி லேசா ஒரு தள்ளு தள்ளி உட்டேன். நிக்கசொல்ல பாரு, வால்வு கீழ வருது, அந்தாண்ட ஏறுது, மறுபடியும் கீழ. ஊஞ்சல் மாதிரி ஆடி ஆடி கடைசில வால்வு அடில வந்து நின்னுச்சு. அந்தத் தம்மாத்துண்டு வால்வு கனத்துக்கே வீல் திரும்புதுன்னா, அச்சுல குண்டுங்கள அழுத்திப் புடிக்கிற கோன் கரெக்டா கீதுன்னு அர்த்தம். டைட்டா இருந்தா பாதிலயே நின்னுடும். லூசா இருந்தா வீல் பக்கவாட்டுல ஆடும்.

பிரபு, காலை 6:20
அப்பா செம! எத்தனை பால்ரஸ் போட்டீங்க?

சித்தப்பா, காலை 6:26
முன்னாடி ஒரு பக்கத்துக்குப் பத்து. பின்னாடி ஒரு பக்கத்துக்கு ஒம்பது, அது கால் இஞ்சி குண்டு, பெருசு. பழைய குண்டு ஒண்ண வெள்ளத் துணி மேல வச்சி வெயில்ல பாத்தேன். அம்மை போட்ட மூஞ்சி மாதிரி சொரசொரன்னு இருந்துச்சி. எல்லாத்தையும் மாத்திட்டேன். ரெண்டு மூணு மட்டும் மாத்தக் கூடாது. புதுக் குண்டு ஒரு அளவு, தேஞ்சது ஒரு அளவு, பாரம் பூரா புதுசு மேலயே உக்காந்துக்கும்.

கவிதா அக்கா, காலை 6:31
கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அந்த பெல் இன்னும் அடிக்குதா?

நான், காலை 6:32
[குரல் பதிவு, 4 வினாடி]

கவிதா அக்கா, காலை 6:33
அதே சத்தம்! தெரு முனையில இந்த பெல் கேட்டாலே புத்தகத்தை விரிச்சு வச்சுப்போம்.

பிரபு, காலை 6:41
[படம்]
சரி, என் வண்டியும் வரிசையில நிக்கட்டும். நேத்து நைட்டே செயினைக் கழட்டி மண்ணெண்ணெய்ல ஊற வச்சுட்டேன். பின் வீல் பல் சக்கரம், கேசட்ல, பல்லு பல்லா துணி விட்டுத் துடைச்சேன். அலுமினியம் ஃபிரேம், கார்பன் ஃபோர்க், ஷிமானோ கிளாரிஸ் 16 கியர். லக்கேஜ் தராசுல மாட்டுனா 10.8 கிலோ.

சித்தப்பா, காலை 6:43
நைனாவுது இருவது கிலோ இருக்கும்டா.

பிரபு, காலை 6:44
[படம்]
இது போன மாசம் ஏலகிரி. 14 கொண்டை ஊசி வளைவுக்கும் புலவர் பேரும் வள்ளல் பேரும் வச்சிருக்காங்க இல்ல? பாரி வளைவுல சுவத்துல சாச்சு எடுத்தேன். முல்லைக்குத் தேரை விட்டுட்டு நடந்து போனவர் பேருல என் சைக்கிள் நிக்குது.

அத்தை, காலை 6:49
பாரி தேரக் குடுத்தாரு. நீ இத்த யாருக்கும் குடுத்துடாத. அழகா கீது கண்ணு.

பிரபு, காலை 6:52
குடுக்கவே மாட்டேன் அத்தை. அந்த ஏத்தத்துல கடைசி கியர் போட்டா ஒரு மிதிக்கு ரெண்டேகால் மீட்டர்தான் நகரும். முன்னாடி 34 பல், பின்னாடி 32. மெதுவாதான், ஆனா எங்கயும் கால் ஊனல.

சித்தப்பா, காலை 6:58
நான் இப்ப எண்ணிப் பாத்தேன். இதுல முன்னாடி 44, பின்னாடி 18. வீல் 28 இஞ்சி. ஒரு மிதிக்கு அஞ்சரை மீட்டர் கிட்ட வருது. சமதரைல கால் வச்சா தண்ணி மாதிரி போவும். மேடு வந்தா நைனா இறங்கித் தள்ளுவாரு. பாரத்தோட வரசொல்ல சைக்கிள்ல வர்றவன் ஒரு பத்தடி தள்றது மரியாதைதான்னுவாரு.

மாமா, காலை 7:05
பிரபு, 200 கிலோமீட்டர் போனியே, அது என்னமோ கார்டுல சீல் குத்துவாங்களாமே?

பிரபு, காலை 7:10
ஆமா மாமா. பிரெவேன்னு பேரு. 200 கிலோமீட்டரை பதிமூன்றரை மணி நேரத்துக்குள்ள முடிக்கணும். நடு நடுவுல ஒவ்வொரு இடத்துலயும் கார்டுல குறிச்சுக்கணும். நான் 12 மணி 10 நிமிஷம். 300-க்கு 20 மணி, 400-க்கு 27, 600-க்கு 40 மணி. நாலையும் ஒரே வருஷத்துல முடிச்சா சூப்பர் ராண்டனர்னு சொல்வாங்க. அதுக்கு மேல பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ், 1200 கிலோமீட்டர், 90 மணி நேரம். 1891-ல ஆரம்பிச்சது, இப்ப நாலு வருஷத்துக்கு ஒரு தடவை. அடுத்தது 2027. என் கார்டை அப்படியே ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கேன்.

மாமா, காலை 7:12
மாட்டத்தான் வேணும். கார்டையும் படம் எடுத்துப் போடு, பாக்கணும்.

மாமா, காலை 7:20
[படம்]
இப்ப நம்ம ராலே. செயின் வீலை உத்துப் பாருங்க. வட்டமா மூணு நாரைத் தலை வெட்டியிருக்கும். முன்னாடி பேட்ஜ்லயும் அதே நாரை. நிறைய பேர் இங்கிலாந்து நாட்டிங்காம்ல இருந்து வந்ததான்னு கேப்பாங்க. இல்ல, இது சென்-ராலே. அசன்சோல்ல 1952-ல ஆரம்பிச்ச தொழிற்சாலை. எங்கப்பா 1971-ல வாங்குனது.

கவிதா அக்கா, காலை 7:23
அப்ப தாத்தா ஹெர்குலிஸ் எங்க செஞ்சது மாமா? அதுவும் இங்கிலீஷ் பேராச்சே.

மாமா, காலை 7:26
பேரு பர்மிங்காம் பேரு. வண்டி நம்ம அம்பத்தூர். முருகப்பா குழுமமும் இங்கிலாந்து டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து 1949-ல ஆரம்பிச்ச டிஐ சைக்கிள்ஸ். நம்ம ஊர் ரோட்டுல ஓடுன ஹெர்குலிஸ் பெரும்பாலும் அங்கேர்ந்து வந்ததுதான்.

பிரபு, காலை 7:34
அப்பா ஒரு யோசனை. தாத்தா சைக்கிள் ஃபிரேம்ல பெயிண்ட் அங்கங்க போயிருக்கே. எல்லாத்தையும் சுரண்டிட்டு புதுசா பவுடர் கோட்டிங் குடுத்தா ஷோரூம்ல இருந்து வந்த மாதிரி இருக்கும். செலவு நான் தரேன்.

மாமா, காலை 7:35
வேண்டாம்.

மாமா, காலை 7:43
அந்தத் தப்பை நான் பண்ணிட்டு இன்னும் வருத்தப்படுறேன் பிரபு. ராலேவை ஒரு பெயிண்ட் கடையில விட்டேன். மட்கார்டு ஓரத்துல மெல்லிசா தங்கக் கோடு இருந்துச்சு. அதைத் தொடாதீங்கன்னு ரெண்டு தடவை சொல்லிட்டு வந்தேன். சாயங்காலம் போனா வண்டி பூரா ஒரே கறுப்பு, மாவு பூசின மாதிரி தடியா. கோடு இல்ல. சீட்டுக்குக் கீழ எங்கப்பா ஆணியால கீறி வச்ச இனிஷியல் இல்ல. இனிஷியல் மேல பட்டி போட்டு மெழுகிட்டாங்க. கடைக்காரர் பள்ளத்தை அடைச்சுக் குடுத்திருக்கேன், தனியா காசு வேண்டாம்னார். நான் பேசாம வந்துட்டேன்.

மாமா, காலை 7:45
[படம்]
இந்தக் கோடு நானே அப்புறம் சின்ன பிரஷ்ல போட்டது. நாலு நாள் ஆச்சு. மூச்சைப் பிடிச்சுகிட்டுப் போடணும்.

பிரபு, காலை 7:47
மாமா கோடு நேரா அருமையா வந்திருக்கு. சரி, பெயிண்ட் பேச்சை விட்டுட்டேன்.

சித்தப்பா, காலை 7:50
நாங்க தேங்கா எண்ணெய் ரெண்டு சொட்டு துணில உட்டு தேச்சிருக்கோம். அவ்ளோதான் மேக்கப்பு.

கவிதா அக்கா, காலை 8:02
நான் யாழினி, அம்மா போன்ல இருந்து. என் சைக்கிளும் போடலாமா?

சித்தப்பா, காலை 8:02
இன்னா கேள்வி இது. போடு போடு.

கவிதா அக்கா, காலை 8:05
[படம்]
பிளஸ் ஒன்ல அரசாங்கம் குடுத்தது. எங்க ஸ்கூல் ஸ்டாண்டுல எல்லா சைக்கிளும் ஒரே மாதிரி இருக்கும் தாத்தா. அதான் பெல்லுல மஞ்சள் ஒயர் சுத்தியிருக்கேன். ரெண்டு ஹப்லயும் கலர் குஞ்சம், அது சுத்தச் சுத்த ஹப்பைத் தானே துடைச்சுக்கும். போக்கம்பியில மணி கோத்திருக்கேன். மெதுவா போனா டிக் டிக்னு விழும், வேகமா போனா சத்தமே வராது. போன வாரம் பஞ்சரும் நானே ஒட்டுனேன். சொல்யூஷன் தடவுன உடனே ஒட்டக் கூடாது, கை வச்சா ஒட்டாத அளவுக்குக் காயணும். முதல் தடவை அவசரப்பட்டதுல பிச்சுக்கிச்சு, ரெண்டாவது தடவை நின்னுடுச்சு.

சித்தப்பா, காலை 8:09
இந்த வீட்ல எனக்கு அப்பறம் ஒரு ஆள் கீது! அடுத்த லீவுல வா, கோட்டம் எடுக்கக் கத்துத் தரேன். எந்தப் போக்கம்பிய அரைத் திருகு திருகுனா ரிம் எந்தப் பக்கம் வரும்னு கண்ணு பழகிட்டா உட மாட்ட.

அத்தை, காலை 8:15
அண்ணா, அந்த பாரை கிட்டக்க படம் எடுத்துப் போடச் சொல்லு.

நான், காலை 8:19
[படம்]
அத்தை, நடுவுல ஒரு சாண் நீளத்துக்கு பெயிண்ட் சுத்தமா இல்ல. ரெண்டு பக்கமும் வளையம் மாதிரி தழும்பு. குட்டி சீட்டு கவ்வுன இடம்னு சித்தப்பா சொன்னார்.

அத்தை, காலை 8:28
அங்கதான் நாங்க நாலு பேரும் வரிசையா வளந்தோம். பெரிய அண்ணன் இறங்குனா சின்ன அண்ணன், அப்பறம் அக்கா, கடைசில நான். நைனா தாடை என் தலை மேல முட்டும். சட்டைல வெத்தல வாசனை. ராத்திரி காட்பாடிலேர்ந்து வரசொல்ல டைனமோ உய்ங்ங்னு கத்தும். நைனா வேகமா மிதிச்சா வெளிச்சம் தூக்கும், பாலத்து மேட்டுல மெதுவா போனா மங்கிடும். இருட்டுக்கு பயந்து மிதி நைனா மிதி நைனான்னு கத்துவேன். அந்த இடத்துல யாரும் கலர் கிலர் பூசிடாதீங்க.

சித்தப்பா, காலை 8:30
பூச மாட்டோம்மா.

கவிதா அக்கா, காலை 8:37
அத்தை, பார்னு சொன்னதும் ஞாபகம் வருது. 1990-கள் ஆரம்பத்துல புதுக்கோட்டையில அறிவொளி இயக்கத்தோட சேர்த்து பெண்களுக்கு சைக்கிள் கத்துக் குடுத்தாங்க இல்ல, ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்தப்ப. ஆயிரக்கணக்கா கிராமத்துப் பெண்கள் ஓட்டுனாங்க. அதுல பல பேர் லேடீஸ் சைக்கிளை விட ஜென்ட்ஸ் சைக்கிளைத்தான் விரும்புனாங்களாம். பார் இருந்தா குழந்தையை உக்கார வச்சுக்கலாமே! கிளாஸ்ல நான் வருஷா வருஷம் சொல்ற கதை இது.

அத்தை, காலை 8:44
அதுக்கு முன்னாடியே நான் இத்த ஓட்டிக்கீறேன். எட்டாங் கிளாஸ்ல. கோட்டை வெளி மைதானத்துல குரங்கு பெடல். பாருக்கு அடில கால உட்டு, ஒரு கை ஹேண்டில்ல, ஒரு கை சீட்டுல. இடுப்பு ஒரு பக்கமா கோணிக்கும். அகழி ஓரமா காத்து வரும். சீட்டு மேல மட்டும் ஒரு தபா கூட ஏறுனதில்ல. வயசுக்கு வந்ததும் ஆயா ஓட்டக் கூடாதுன்னுட்டாங்க. அப்பறம் காட்பாடி வந்து லேடீஸ் சைக்கிள் ஓட்டுனேன், இருவது வருசம். இதுல ஏறல.

மாமா, காலை 8:46
இது எனக்கே இப்பதான் தெரியும்.

நான், காலை 8:47
அத்தை, பூசைக்கு வர்றீங்கல்ல? பத்தரைக்கு நல்ல நேரம்.

அத்தை, காலை 8:49
வர்றேன். சீட்ட இறக்கி வைங்க. சுடிதார்ல வர்றேன்.

சித்தப்பா, காலை 8:51
சீட்டு நைனா உயரத்துலயே கீதும்மா. ஓவராயில் பண்ணசொல்ல அத்த மட்டும் கழட்டல. போல்ட் கூட லூஸாச்சி, கம்பி அசையல. துரு புடிச்சி ஃபிரேமோட ஒட்டிக்கினு கீது.

பிரபு, காலை 8:52
அப்பா எண்ணெய் விட்டு சீட்டை இடமும் வலமும் திருப்பிப் பாருங்க. நேரா தட்டாதீங்க.

சித்தப்பா, காலை 8:53
எனக்கே பாடமா. சரி சரி, அதான் பண்றேன்.

நான், காலை 9:31
மண்ணெண்ணெய் விட்டு அரை மணி நேரம் ஊற வச்சோம். இப்ப நான் ஃபிரேமைப் புடிச்சிருக்கேன், சித்தப்பா சீட்டைத் திருப்புறார்.

நான், காலை 9:40
அசைஞ்சிடுச்சு!!!

சித்தப்பா, காலை 9:44
[படம்]
மூணு விரக்கடை இறங்கிடுச்சி. கம்பில பழைய கோடு பாரு, நைனா நின்ன உயரம் அது. அந்தக் கோட்டைத் துடைக்கல.

மாமா, காலை 9:48
உங்க அத்தை ஆட்டோ ஏறிட்டா. சாமந்தி மாலை ரெண்டு வாங்கியிருக்கா, ஒண்ணு ஹெர்குலிஸ்க்கு, ஒண்ணு பிரபு வண்டிக்கு. நான் ராலேல பின்னாடியே வர்றேன்.

பிரபு, காலை 9:49
நானும் ஆற்காடு தாண்டி ரொம்ப தூரம் வந்துட்டேன், சைக்கிள்லதான்! பத்தரைக்குள்ள வந்துடுவேன்.

கவிதா அக்கா, காலை 9:52
யாழினி: காட்பாடி ஆயா, வீடியோ கால் போடுங்க! சாயங்காலம் நாங்க வந்ததும் இன்னொரு ரவுண்டு போகணும். நான் பின்னாடி கேரியரைப் புடிச்சுக்கிறேன்.

நான், காலை 9:58
மஞ்சள், குங்குமம், பொரி, பூசணிக்காய் எல்லாம் ரெடி. எலுமிச்சம்பழம் வீலுக்கு அடியில வச்சுட்டேன்.

அத்தை, காலை 10:01
அத்த எடு. ஸ்டாண்டு போட்ட சைக்கிளுக்கு எலுமிச்சம்பழம் வைக்காதீங்க. நான் ஏறி உக்காந்த அப்பறம் வைங்க. யாழினி, நீ கேரியர புடிக்க வேணாம், என் கூட ஓடி வா.